சிறந்த பங்கேற்பாளர்

ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு பேராக இருக்க முடியுமா? முடியும். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் பாலிடெக்னிக்கின் செராமிக் லேபுக்குள் போன ஜூன் மாதம் எட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். மோல்டு காய வைக்கிற மரத்தட்டில் வரிசையாக ஆறு செல்போன்கள். ஆறிலும் ஒரே மேடத்தின் முகம். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஆக்னஸ், ஒண்டி ஆளாக.

அது கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி. வகுப்பறையில் எப்படிப் பாடம் நடத்துவது, ஆன்லைனில் எப்படி நடத்துவது என்று ஐந்து நாள் போனில் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை நேரில் வரச்சொல்லி, யாராவது ஒருவரை மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வார்கள். முடிவில் சான்றிதழ். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது, சான்றிதழ் இல்லாத ஆசிரியரின் பெயர் டைம்டேபிளில் இருக்காது என்று பிரின்சிபல் சுற்றறிக்கை விட்டிருந்தார். செராமிக் துறையில் மற்ற ஐந்து ஆசிரியர்களும் நிரந்தரம். டைம்டேபிளில் பெயர் இல்லாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். ஆக்னஸ் அப்படியில்லை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். டைம்டேபிளில் பெயர் இல்லையென்றால் அவள் சேத்தியாத்தோப்பிலிருந்து காலை பஸ் ஏறவே வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவள் தன் போனோடு மட்டும் உட்கார வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொரோனா காலத்திலிருந்து அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் போனிலும் கேமராவை அணைத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்தால் போதும், எல்லாருக்கும் அட்டெண்டன்ஸ் விழுந்துவிடும். யார் உட்காருவது? தற்காலிகம்தான். வேறு யார்?

துறைத்தலைவர் பழமலைநாதன் முதல் நாளே போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஆக்னஸு, இதையும் கொஞ்சம் பாத்துக்கம்மா. எனக்கு அட்மிஷன் வேலை தலைக்கு மேல கெடக்குது" என்றார். திட்டக்குடி, மங்களூர் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் போவதாகப் பெயர். உண்மையில் எங்கே போனார் என்பது அவருக்கும் அவருடைய புல்லட்டுக்கும்தான் வெளிச்சம். பின்னாலேயே இன்னொரு ஆசிரியர் அன்பரசன் வந்து அவர் போனை வைத்தார். இன்னும் இரண்டு சீனியர்களின் போன்கள் பியூன் கையில் வந்தன. கடைசியாக வெண்பா, போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண், "அக்கா, பாப்பாவுக்கு ஊசி போடணும்க்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். வெண்பாவாவது தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். மற்றவர்களுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

ஆக்னஸ் மறுக்கவில்லை. அவளுடைய வேலையை நீட்டிக்கச் சொல்லி வருடா வருடம் பரிந்துரை எழுதுவது பழமலைநாதன். கையெழுத்துப் போடுகிற கையைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம் வரும்?

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும் ஒரு தேர்வு. பத்துக் கேள்வி, பத்து நிமிடம், நேரம் முடிந்தால் தானாக மூடிக்கொள்ளும். ஆக்னஸ் அதைப் பதவி வரிசைப்படி எழுதினாள். முதலில் துறைத்தலைவர், அப்புறம் சீனியர்கள் இருவர், அப்புறம் அன்பரசன், வெண்பா, கடைசியில் தான். அவளை யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. பதினோரு வருடமாக டீ வாங்குவதும், விடைத்தாள் கட்டுப் பிரிப்பதும் அந்த வரிசையில்தான் நடந்தது. விரல்கள் அந்த வரிசையிலேயே போய்விட்டன. தன் போனுக்கு வரும்போது ஒரு நிமிடம் பாக்கி இருக்கும். மூன்று கேள்வியைத் தட்டுவதற்குள் மூடிக்கொள்ளும். பரவாயில்லை, நாளைக்குச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள். நாளைக்கும் அதே கதைதான்.

இரண்டாம் நாள் வந்தது வினை. பயிற்சி கொடுத்த ராஜாம்பாள் மேடம் மற்றவர்களைப் போலத் திரையில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிற ஆள் இல்லை. திடீரென்று நிறுத்தி, "உங்க பாடத்துல ஸ்கிரீன் வழியா சொல்லிக் குடுக்கவே முடியாத ஒரு விஷயம் என்ன? அதை எழுதுங்க" என்றார்.

ஆக்னஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மழை லீவிலிருந்து அவள் மனதில் கிடந்து அரித்த விஷயம் அது. கடலூர் ஜில்லாவில் புயல் என்றால் பத்து நாள் கதவடைப்பு. ஆன்லைனில் நடத்து என்று உத்தரவு வரும். எதை நடத்துவது? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் மோல்டுக்குள் ஊற்றுவார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரில் மண் ஒட்டிக்கொண்டே வரும். சரியான கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்திக் கவிழ்த்தால் கிண்ணம் நொறுங்கும், பிந்தினால் உலக்கை மாதிரி கனக்கும். அந்த நேரத்தை விளிம்பைப் பார்த்து, நகத்தால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். தொடுவதைப் போனில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அவள் மடமடவென்று இதையெல்லாம் தட்டி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் பார்த்தாள். கைக்குப் பக்கத்தில் இருந்தது தன் போன் இல்லை. கேள்விக்கு மேலே பெயர் நின்றது: பழமலைநாதன், துறைத்தலைவர்.

"அடடா, பழமலைநாதன் சார்! இருபது வருஷத்துல இப்படி ஒரு கேள்வி எங்கிட்ட யாருமே கேட்டதில்ல" என்றார் ராஜாம்பாள் மேடம்.

போச்சு. அப்போதே தன் போனில், கேட்டது நான்தான் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் துறைத்தலைவர் போன் உன்னிடம் எதற்கு என்று வரும். ஒரு நூலை இழுத்தால் ஐந்து பேரும் அவிழ்ந்து விழுவார்கள். ஆக்னஸ் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் மேடம் "பழமலைநாதன் சார் என்ன சொல்றீங்க?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார். ஆக்னஸும் 'மைக் ரிப்பேர் மேடம்' என்று எழுதிவிட்டு, பதிலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்திருந்தது. பதினோரு வருடத்தில் அவள் பாடத்தைப் பற்றி அவளிடம் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசியதும் அவளிடம் இல்லை, பழமலைநாதனிடம். அதுதான் கொடுமை.

நான்காம் நாள் அதற்கு விடையையும் ஆக்னஸே கண்டுபிடித்து எழுதினாள். சுடுமண் அகல் விளக்கு இல்லாத வீடு உண்டா? அகலும் பிளாஸ்டர் மாதிரி தண்ணீர் குடிக்கும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மூன்று அகலில் களிமண் குழம்பை ஊற்றி, ஐந்து நிமிடத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று கவிழ்க்கட்டும். பிளேடால் அறுத்து, கனத்தை அளந்து படம் அனுப்பட்டும். விளிம்பில் பளபளப்பு எப்போது போனது என்று அவர்கள் சொல்லட்டும், வாத்தியார் கேட்கட்டும். ராஜாம்பாள் மேடம் கைதட்டினார். ஆறு போனிலும் கைதட்டல் கேட்டது. எல்லாம் பழமலைநாதனுக்கு.

அடுத்த புதன்கிழமை முடிவு வந்தது. துறை வாட்ஸ்அப் குரூப்பில் பிரின்சிபலே போட்டிருந்தார். ஐந்து பேர் தேர்ச்சி. பழமலைநாதன் 'சிறந்த பங்கேற்பாளர்', தொண்ணூற்றாறு மதிப்பெண், சனிக்கிழமை மாதிரிப் பாடம் நடத்துவதும் அவரே. கடைசி வரி: ஆக்னஸ், முப்பத்திரண்டு மதிப்பெண், வகுப்பில் பங்கேற்பு இல்லை, தகுதி பெறவில்லை.

அதன் கீழே வரிசையாகப் பூங்கொத்து, கட்டைவிரல், கும்பிடு. அன்பரசன் 'எங்கள் சிங்கம்' என்று எழுதியிருந்தார்.

ஆக்னஸுக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பங்கேற்பு இல்லையாம்! அந்தப் பயிற்சியில் பங்கேற்றதே அவள் ஒருத்தி. தொண்ணூற்றாறும் அவள் வாங்கியது, முப்பத்திரண்டும் அவள் வாங்கியது.

பழமலைநாதன் லேபுக்கு வந்தார். முகத்தில் கவலையை அப்பிக்கொண்டு வந்தார். "என்னம்மா ஆக்னஸு, இப்படிக் கோட்டை விட்டுட்டியே. கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆக்னஸ் அன்றைக்கு அதை நேரில் பார்த்தாள்.

"சார், ஒங்க பரிச்சைய மொதல்ல எழுதுனதாலதான் சார் என்னுது எழுத நேரம் பத்தல."

"அதான் சொல்றேன், ஒன்னுத மொதல்ல எழுதியிருக்கணும். நானா வேணாம்னேன்?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "பிரின்சிபல் ஒன் பேர எடுத்துட்டாரு. ரெண்டாம் வருசம் பிராக்டிகல என் பேருக்கு மாத்திட்டாரு. நான் பேசிப் பாக்குறேன். நீ என்ன பண்ற, சனிக்கிழமை நான் நடத்துற பாடத்த எழுதிக் குடுத்துடு. அந்த அகலு மேட்டரு என்னமோ சொன்னாங்களே, அதையும் தெளிவா எழுதிடு. மேடைக்குக் கீழ முன் வரிசையிலயே உக்காந்துக்க. நடுவுல ஏதாச்சும் கேட்டா எடுத்துக் குடு."

இரண்டாம் வருடம்! இருபத்தெட்டுப் பிள்ளைகள். யாருடைய கை நடுங்கும், யார் அவசரப்பட்டுக் கவிழ்ப்பான் என்று ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. அந்த வகுப்பை, அகல் என்றால் 'மேட்டரு' என்கிற ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வெண்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கே அசிங்கமா இருக்குதுக்கா. கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிடுங்கக்கா, நியாயம் கெடைக்கும். ஒங்க சர்ச் ஆளுங்களும் வந்து கட்டுறாங்க."

"அவர் கேப்பாருடி. ஆனா அவருக்கு ஆயிரம் பிராது இருக்குது. இதுக்குப் போயி அவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? எனக்கு வாய் இருக்குது" என்றாள் ஆக்னஸ். சொன்ன பிறகு, அந்த வாயைப் பதினோரு வருடம் எதற்கு வைத்திருந்தோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது. குனியக் குனியக் குட்டுகிறவன் முட்டாள் என்றால், குட்டக் குட்டக் குனிகிறவள் அவனைவிடப் பெரிய முட்டாள்.

இருந்தாலும் பாடத்தை எழுதித்தான் கொடுத்தாள். பிரின்சிபலிடம் பேசுவார் என்ற ஆசை. வேலை போகப்போகிறவளின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள்.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். சுற்று வட்டாரக் கல்லூரிகளிலிருந்து நூறு ஆசிரியர்கள் இருப்பார்கள். ராஜாம்பாள் மேடம் நேரில் இன்னும் சின்ன உருவமாக, பருத்திப் புடவையில், கறாராக இருந்தார். பழமலைநாதன் புதுச்சட்டையில் மேடை ஏறினார். பிரின்சிபல் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஆக்னஸ் அவருக்கு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

எழுதிக் கொடுத்ததைப் பழமலைநாதன் நன்றாகவே வாசித்தார். வாசிக்கிற வரைக்கும் ஒன்றும் பிழையில்லை. முடித்ததும் மேடம், "ரொம்ப நல்லது சார். அன்னிக்குக் கேக்க விட்டுப்போன ஒண்ணு. ஒரு பையன் இருபது நிமிஷம் ஊத்தி வச்சும் அகல்ல மண்ணே ஒட்டலங்கிறான். என்ன தப்பு பண்ணியிருப்பான்? நீங்க அவன்கிட்ட என்ன கேப்பீங்க?" என்றார்.

பழமலைநாதன் சிரித்தார். தொண்டையைச் செருமினார். தாளைப் புரட்டினார். தாளில் அது இல்லை. மெல்ல ஆக்னஸ் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கினார். எடுத்துக் கொடு என்று அர்த்தம்.

விடை அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆக்னஸ் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பழமலைநாதனுக்கு வியர்த்தது. "அது வந்து மேடம்... இந்தக் காலத்துப் பசங்க கவனிக்கிறதில்ல. நம்ம ஆக்னஸ் மேடம் மாதிரி. அஞ்சு நாளும் ஆன்லைன்ல இருந்தாங்க, ஒரு கேள்வி கேக்கல, ஃபெயிலாயிட்டாங்க. அந்த மாதிரிதான்" என்று சமாளித்தார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஆக்னஸ் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அகல்ல எண்ணெ ஊறியிருக்கும் மேடம்! பழைய அகலு. எண்ணெ குடிச்ச அகலு தண்ணிய குடிக்காது. புது அகலா, வெளக்கேத்துன அகலான்னு அந்தப் பையனக் கேக்கணும். இது அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அந்தக் கேள்விய கேட்டது அவரு இல்ல, நான். மைக் ரிப்பேர்னு எழுதுனது நான். அஞ்சு நாளும் அவரு போனு, இன்னும் நாலு பேரு போனு, எல்லாத்தையும் வச்சிக்கிட்டு ஒத்தையா உக்காந்திருந்தது நான். எல்லாருக்கும் பரிச்ச எழுதிட்டு என்னுத எழுத நேரமில்லாம ஃபெயிலானது நான். கவனிக்கலையாம்! சார், ஒங்க மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க, அந்த அஞ்சு நாள்ல ஒரு நாளாச்சும் இந்த மேடத்தோட மூஞ்சிய நீங்க பாத்தீங்களா?"

பிரின்சிபல் "ஏய், உக்காரும்மா!" என்று அதட்டினார்.

"பதினோரு வருசமா உக்காந்துதான் சார் இருந்தேன்" என்றாள் ஆக்னஸ். உட்காரவில்லை.

ராஜாம்பாள் மேடம் பழமலைநாதனைப் பார்த்தார். அவர் தாளை மடித்துக்கொண்டிருந்தார். மேடத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "அந்த அஞ்சு பேர் சான்றிதழும் ரத்து" என்றார். பிறகு ஆக்னஸிடம், "நீங்களும் அஞ்சு பேருக்குப் பொய் அட்டெண்டன்ஸ் போட்டிருக்கீங்க. அதுவும் தப்புதான். உங்களுக்கும் நான் சான்றிதழ் தர முடியாது."

"எனக்குத்தான் நீங்க குடுக்கவே இல்லையே மேடம். தப்பு பண்ணேன், ஒத்துக்கிறேன். சான்றிதழ் வேணாம். அந்தக் கேள்வி என்னுதுன்னு மட்டும் எழுதிக்குங்க."

மேடம் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த பட்டியலில் ஒரு பெயரை அடித்து, இன்னொரு பெயரை எழுதினார். "மேல வாங்க. மீதிப் பாடத்தை நீங்க நடத்துங்க" என்றார்.

ஆக்னஸ் போனாள். கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடேயே நடத்தினாள். நடத்தி முடிக்கிறவரை மண்டபத்தில் ஒருவரும் போனைத் தொடவில்லை.

திங்கட்கிழமை பிரின்சிபல் அறையில் இடி இடித்தது. கல்லூரி மானம் போச்சு, நாளையிலிருந்து வராதே என்று கத்தினார். பழமலைநாதன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஆக்னஸ் முழுதும் கேட்டாள். பிறகு மேசை மேலிருந்த சுற்றறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சான்றிதழ் இல்லாதவங்க பேரு டைம்டேபிள்ல இருக்காதுன்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப எங்க ஆறு பேருக்குமே இல்ல. சாருக்கும் இல்ல. ஆறு பேரையும் எடுத்துட்டு இன்ஸ்பெக்ஷனுக்கு யாரக் காட்டுவீங்க? இல்ல, என்ன ஒருத்திய மட்டும் எடுக்கிறதா இருந்தா காரணத்த எழுத்துல குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

பிரின்சிபல் சுற்றறிக்கையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது. துறையே இல்லாமல் போவதைவிட இந்த வாயாடி இருந்து தொலையட்டும் என்று முடிவுக்கு வந்திருப்பார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதே என்று அவருக்கு நிம்மதி. அடுத்த பயிற்சி வரைக்கும் பழைய டைம்டேபிளே தொடரட்டும் என்றார். இரண்டாம் வருடம் ஆக்னஸுக்கே திரும்பி வந்தது. அவள் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டு வாரத்தில் மறுபயிற்சி வந்தது. இந்த முறை கேமராவில் அவரவர் முகம் தெரிய வேண்டும், அவரவர் வாயால் பேச வேண்டும் என்று கண்டிப்பு. முதல் நாள் காலை ஆக்னஸ் லேபைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பழமலைநாதன் போனும் கையுமாக வந்து நின்றார். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முகத்தில் பழைய மிடுக்கு இல்லை.

"ஆக்னஸு... ஆக்னஸ் மேடம். ஆரம்பிச்சிட்டாங்க போல இருக்குது. இதுல எப்படி உள்ள போறது? மைக்க எங்க அமுக்கணும்?"

இருபத்தாறு வருட சர்வீஸ். ஆக்னஸுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. விரல் அந்தப் போனை நோக்கித் தானாக நீண்டது. பழகிய விரல். அதை மடக்கிச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க பேருல நான் பேசுனது போதும் சார். இனிமே நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.